ஈயக்குண்டும் ஒரு கையெழுத்தும்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் கையிலிருந்த அழிரப்பரைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தேன். எட்டாம் வகுப்பில் ஊசல் சோதனை ஒன்றை வீட்டில் செய்து எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். நூலில் கட்டித் தொங்கவிட ஒரு எடை வேண்டும் என்று என் டூல் பெட்டியைக் கிளறியவள், அடியில் பழந்துணியில் சுற்றி வைத்திருந்த ஈயக்குண்டை எடுத்திருக்கிறாள். நடுவிரல் நீளம், கட்டைவிரலைவிடச் சற்றுத் தடிமன், தலையில் கயிறு கோக்க ஒரு வளையம். ஆழக்கடலில் தூண்டில் கயிறு நேராக இறங்குவதற்காக மீன்பிடிக்கிறவர்கள் கட்டுவது. அதை ஜன்னல் கம்பியிலிருந்து தொங்கவிட்டு, நூலின் நீளத்தை ஐந்து முறை மாற்றி ஆட்டி, என் கைப்பேசியில் நேரம் பார்த்து எழுதியிருந்தாள். நான்கு அளவுகள் புத்தகக் கணக்குக்குப் பக்கத்தில் வந்திருந்தன. மிகக் குட்டையான நூலுக்கு வந்தது மட்டும் ஒட்டவில்லை. அதை அழித்துவிட்டுப் புத்தகத்து எண்ணை எழுதிக்கொண்டிருந்தாள். "என்னம்மா பண்ற?" என்றேன். "இது ஒன்னு மட்டும் தப்பா வந்துச்சுப்பா. மிஸ் ஆன்சர் பாத்துதான் மார்க் போடுவாங்க" என்றாள், தலை நிமிராமல்.

மயிலாப்பூரில் எங்கள் சந்தில் ஒரு வீட்டில் தும்மினால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மகள் அழுதுகொண்டே உள்ளே போனாள். "ஒரு ரப்பருக்கா இந்தக் கத்து?" என்று அவள் அம்மா கேட்டாள். ரப்பருக்கு இல்லை. அந்தக் குண்டுக்கு. அது யாருடையது, என் பெட்டிக்கு எப்படி வந்தது என்று நான் இதுவரை என் பிள்ளைகளிடம் சொன்னதில்லை. சொன்னால் அதில் என் பங்கையும் சொல்லவேண்டும். பத்தாம் வகுப்பும் அதற்குமேல் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பும் படித்தவன் நான். எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் என் மகளுக்கும் அவள் வயதுப் பிள்ளைகளுக்கும் இதை எழுதியே ஆகவேண்டும்.

நான் வேலை செய்யும் பட்டறை அடையாறு ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஆராய்ச்சிக்கூடங்களுக்கு வேண்டிய கருவிகளைச் செய்துகொடுக்கிறவர்கள். எட்டு வருடங்களுக்கு முன்னால் வடக்கே ஓர் ஊரிலிருந்து ஒரு காந்தம் செய்யச் சொல்லி வந்தது. அங்கே துகள் முடுக்கி என்று ஒன்று இருக்கிறது. வளையமாக வளைந்த நீளமான குழாய். உள்ளே காற்றே இருக்காது. கண்ணுக்குத் தெரியாத துகள்கள் கொத்துக் கொத்தாக அதில் சுற்றிச் சுற்றி ஓடும். பெசன்ட் நகர் கடற்கரையில் கையால் சுற்றும் ராட்டினத்தைப் பார்த்திருப்பீர்கள். ஓடுகிற ராட்டினத்தில் ஒரு பிள்ளையை ஏற்றவேண்டுமானால் சரியான நொடியில் தூக்கி உள்ளே வைக்கவேண்டும்; முந்தினாலும் பிந்தினாலும் அடிபடும். துகள் கொத்தை அப்படி வளையத்துக்குள் தள்ளிவிடும் காந்தத்துக்கு கிக்கர் என்று பெயர். ஒரே ஓர் உதை. கண் இமைக்கும் நேரத்தைக் கோடிக்கணக்கில் கூறுபோட்டால் அதில் சில கூறுகளுக்குள் உதைத்துவிட்டு அடங்கிவிடவேண்டும்.

இப்படி உதைக்கிற காந்தத்தில் ஒரு வில்லங்கம் உண்டு. பட்டறைக்கு அளவெடுக்க வந்த மேடம் அதை எனக்குச் சொன்னது எங்கள் ஊர்த் திருவிழாவை வைத்துத்தான். பங்குனியில் அறுபத்துமூவர் வரும்போது மாட வீதியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சப்பரங்கள் போகும். இரண்டு ஓரமும் சனங்கள் கூடவே நடப்பார்கள். துகள் கொத்து குழாயில் ஓடும்போதும் அப்படித்தான், குழாயின் உலோகச் சுவரில் அதற்கு ஈடாக ஒரு மின்சாரம் கூடவே ஓடிவரும். வீதி சீராக இருந்தால் சப்பரத்துக்கும் தொந்தரவில்லை, சனத்துக்கும் தொந்தரவில்லை. நடுவில் கால்வாய்க்கு என்று ஓரத்தை வெட்டிப் போட்டிருந்தால்? கூட வருகிற கூட்டம் அந்த இடத்தில் தடுமாறும், முட்டிக்கொள்ளும், அந்த நெரிசல் பின்னால் வரும் சப்பரத்தைப் போய் இடிக்கும். கிக்கர் காந்தத்தின் உள்சுவர் கருப்புக் கல் மாதிரி இருக்கும் ஃபெரைட் கட்டிகள். அதில் அந்த மின்சாரம் நடக்க வழியில்லை. இந்தத் தடுமாற்றத்தைத்தான் இம்பிடன்ஸ் என்கிறார்கள். அது அதிகமானால் பின்னால் வரும் கொத்துகள் அலைபாயும், கட்டிகள் சூடேறும், ஓர் அளவுக்குமேல் சூடேறினால் ஃபெரைட் தன் காந்த குணத்தையே விட்டுவிடும். முழுக்க உலோகத்தை வைத்து மூடிவிடலாமே என்றால், காந்தத்தின் வேகமான உதை அதைத் தாண்டி உள்ளே போகாது. ஆகவே உள்ளே ஒரு பீங்கான் குழாய் வைத்து, அதன் உட்புறத்தில் முடி கனத்துக்கு உலோகக் கோடுகள் இழுத்திருந்தோம். சனம் நடக்க ஒற்றையடிப் பாதைகள் மாதிரி.

பாதை சரியாக இருக்கிறதா என்று அளக்க வந்தவர்தான் மேடம். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். பட்டினப்பாக்கத்துக் குப்பத்தில் பிறந்தவர். அப்பா கட்டுமரம், அம்மா மீன்கடை. அந்தத் தெருவிலிருந்து எம்.டெக். வரை போன முதல் ஆள். பெரிய சாருக்கு முன்னால் புத்தகம் மாதிரிப் பேசுவார். எங்களோடு டீ குடிக்கும்போது கடற்கரைத் தமிழ் தானாக வந்துவிடும். பெரிய சார் என்பது பட்டறையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர்.

துகள்களை ஓடவிட்டுப் பார்க்க எங்களிடம் முடுக்கியா இருக்கிறது? அதற்குப் பதிலாகக் காந்தத்தின் நட்ட நடுவில், துகள்கள் ஓடப்போகும் அதே பாதையில், ஒரு மெல்லிய கம்பியை இழுத்துக் கட்டுவார்கள். ஒரு முனையில் மின் அலையை அனுப்பி மறுமுனையில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று ஒரு பெட்டி அளந்து திரையில் கோடு போடும். கம்பி தொய்யக்கூடாது, நடுவைவிட்டு இம்மியும் விலகக்கூடாது. கட்டுவது என் வேலை. ஸ்க்ரூ வைத்து இறுக்கிப் பார்த்தேன். வெயில் ஏற ஏறக் கம்பி நீண்டு மத்தியானத்துக்குள் தொய்ந்தது. மறுநாள் மேடம் டிபன் பையிலிருந்து இந்த ஈயக்குண்டை எடுத்து மேசையில் வைத்தார். "அண்ணே, ஸ்க்ரூ வாணாம். கம்பிய இந்த உருளைமேல போட்டு நுனில இத்தக் கட்டி விட்டுருங்க. கம்பி நீண்டா குண்டு எறங்கிக்கும், சுருங்கினா ஏறிக்கும். இறுக்கம் மாறவே மாறாது. எங்கப்பா அம்பது வருசமா இத்தத்தான் பண்ணிக்கினு கீறாரு" என்றார். கட்டினேன். விரலால் சுண்டினால் வீணைத் தந்தி மாதிரி ஒலித்தது. அப்புறம் ஒருநாளும் அது தொய்ந்ததில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் திரையில் ஓடிய கோட்டில் ஒரு கொம்பு எழும்பியது. மற்ற இடமெல்லாம் சமதரை. ஓர் இடத்தில் மட்டும் ஊசி மாதிரி; அங்கே அலை தடுமாறுகிறது என்று அர்த்தம். மேடத்தின் முகம் மாறியது. உடனே யாரையும் கூப்பிடவில்லை. இன்னொரு குண்டையும் சேர்த்து மாட்டி அளந்தார். சின்னக் குண்டை மாட்டி அளந்தார். கம்பியையே மாற்றச் சொன்னார். கோடு லேசாக ஏறி இறங்கியதே தவிர, கொம்பு இடத்தைவிட்டு நகரவில்லை. கடைசியில் பீங்கான் குழாயின் ஒரு முனையில் ஒரு செப்புத் தகட்டை நான் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன். கொம்பு படுத்துவிட்டது. கையை எடுத்தேன், எழுந்தது. அழுத்தினேன், படுத்தது. உலோகக் கோடுகள் அந்த முனையில் கால்வாசி வட்டத்துக்கு குழாய் வாயிலிருக்கும் உலோக வளையத்தைத் தொடவேயில்லை, மயிரிழை இடைவெளி. ஓரம் வெட்டிய வீதி. என் உள்ளங்கைக்கே தெரிந்த உண்மை அது. ஸ்டோர் பார்த்துக்கொள்ளும் பெரியவர் எட்டிப் பார்த்து, "இன்னா மேடம், இன்னிக்கு எத்தினி மீனு மாட்டுச்சு?" என்றார். "ஒன்னு மாட்டிக்கீது மாமா. பெரிய கொம்பு வெச்ச மீனு. சார்தான் கொழம்பு வெக்க வுடணும்" என்றார் மேடம். அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.

சார் விடவில்லை. குழாயைக் கழற்றி, கோடுகளை மறுபடி இழுத்துச் சூளையில் சுட்டு எடுக்க ஒரு மாதம் ஆகும். ஆனால் காந்தத்தை அனுப்ப நாள் குறித்தாகிவிட்டது. நல்ல நேரம் பார்த்து, டெல்லியிலிருந்து பெரியவர்கள் வர, லாரிக்குப் பூசை போட்டு அனுப்புவதாக அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது. அச்சடித்த தேதியை மாற்றுவதைவிட அளந்த அளவை மாற்றுவது அவருக்குச் சுலபமாக இருந்தது. அளவைக் கூடத்துக்குள் வந்து, உருளையில் தொங்கிய குண்டை ஒற்றை விரலால் ஆட்டிவிட்டுச் சொன்னார்: "இது லேபா, மீன் மார்க்கெட்டா? தராசுல மீன் நிறுக்கிற மாதிரி காந்தத்துல குண்டத் தொங்கவிட்டா கொம்பும் வரும், வாலும் வரும்." அவருடன் வந்த இரண்டு பேர் சிரித்தார்கள். ஆட்டிய குண்டு நிற்கும்வரை மேடம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் நிதானமாக, "குண்ட மாத்தி மாத்திப் பாத்துட்டேன் சார். கொம்பு அசையல. ஒரு தரம் நீங்களே செப்புத் தகட்ட அழுத்திப் பாருங்க சார்" என்றார். சார் அழுத்திப் பார்க்கவில்லை. உள்ளங்கையை நீட்டியிருந்தால் முடிந்துபோயிருக்கும் சண்டை. நீட்டவில்லை.

மறுநாள் வேறொருவரை வைத்து அளக்கச் சொன்னார். அந்த அளவைப் பெட்டி அலையின் அதிர்வெண்ணை ஏற்றிக்கொண்டே போகும்; எத்தனை இடங்களில் நின்று அளக்கவேண்டும் என்று நாம்தான் சொல்லவேண்டும். மேடம் நெருக்கி நெருக்கி ஆயிரக்கணக்கான இடங்களில் அளந்திருந்தார். இவர் விலக்கி விலக்கி ஐம்பதே இடங்களில் அளந்தார். கொம்பு இரண்டு இடங்களுக்கு நடுவே நின்றது; பெட்டி அதைத் தாண்டிக் குதித்துப் போய்விட்டது. கோடு சமதரையாக வந்தது. பொய்யான எண் ஒன்றுகூட அதில் இல்லை, பாருங்கள். ஒவ்வொரு புள்ளியும் உண்மை. மொத்தமும் பொய். மேடம் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். "வலைக்கண்ண பெருசா வெச்சிக்கினு, கடல்ல மீனே இல்லன்றாரு அண்ணே" என்றார். டீ ஆறிப் போனது.

இனி என் பங்கு. இரண்டு அளவுகள் வேறு வேறாக இருந்தால் மேலிடத்தில் கேள்வி வரும். முதல் அளவு ஏன் செல்லாது என்பதற்கு ஒரு காரணம் வேண்டும். சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார், உட்காரச் சொன்னார். பன்னிரண்டு வருடத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்தது அன்று மட்டும்தான். "கம்பியை நீதானேப்பா கட்டினே? தொய்வா இருந்திருக்குமே" என்றார். "தெரியல சார்" என்றேன். தெரியும். தாள் தயாராக இருந்தது: ஈயக்குண்டு வைத்த ஏற்பாட்டில் கம்பி தொய்ந்திருந்தது, ஆகவே முதல் அளவு செல்லாது. கீழே கம்பி கட்டியவரின் கையெழுத்துக்கு இடம். ஒப்பந்தத்தில் இருந்த என்னைப் போன்றவர்களை நிரந்தரமாக்கும் பட்டியல் அந்த மாதம்தான் தயாராகிக்கொண்டிருந்தது. சார் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பேசவேண்டிய அவசியம் இல்லை. அந்தப் பட்டியலும் அதே மேசைமேல்தான் கிடந்தது. வீட்டில், மகளே, நீ யு.கே.ஜி., உன் தம்பி அம்மா வயிற்றில். இதெல்லாம் நியாயம் என்று சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். கையெழுத்துப் போட்டேன்.

குறித்த நாளில் லாரி கிளம்பியது. காந்தம் இருந்த மரப்பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். தேங்காய் உடைத்தது நான்தான். இரண்டு மூடியும் சமமாக விழுந்தது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். மேடம் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். நான் கையெழுத்துப் போட்டது அவருக்குத் தெரியும் என்று அவர் என்னைப் பார்க்காமல் இருந்ததிலிருந்து தெரிந்துகொண்டேன்.

ஒரு வருடம்கூட ஆகவில்லை, அந்த மரப்பெட்டி திரும்பி வந்தது. குறைவாகத் துகள்களை ஓடவிட்டவரை ஒன்றும் தெரியவில்லையாம். அதிகமாக ஓடவிட்டதும் காந்தம் கொதித்திருக்கிறது. உதை வலுவிழந்து, துகள்கள் தடம் மாறி மோதி, வேறு கருவிகளையும் கெடுத்திருக்கின்றன. நான்தான் பிரித்தேன். மேடம் சொன்ன அதே முனையில், அதே கால்வாசி வட்டத்தில், ஃபெரைட் கட்டி குறுக்கே விரிசல் விட்டிருந்தது. இப்போதாவது உண்மை வெளிவரும் என்று நினைத்தேன் பாருங்கள், அதுதான் என் முட்டாள்தனம். விசாரணைக்கு வந்தவர்களிடம் சார் எடுத்து நீட்டியது என் கையெழுத்துப் போட்ட தாளை. அளக்கவேண்டியவர் கம்பியை ஒழுங்காகக் கட்டவைக்காமல் மீன்பிடிக் குண்டைத் தொங்கவிட்டு அசட்டையாக அளந்ததால், கோளாறை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாமல் போய்விட்டது என்றார். புரிகிறதா? கோளாறைக் கண்டுபிடித்தபோது கம்பி தொய்ந்ததால் அது கோளாறே இல்லை. கோளாறு வெடித்தபோது அதே கம்பி தொய்ந்ததால் அவர் கண்டுபிடிக்கவில்லை. ஒரே தாள், ஒரே கையெழுத்து; அதை வைத்து ஓர் ஆளை இரண்டு முறை அடித்தார்கள். விசாரணை நடந்த அறைக்கு வெளியே ஒரு பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டால் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். கூப்பிடவில்லை. கூப்பிடாமல் கதவைத் தட்டக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

மேடத்தின் வேலை நீட்டிக்கப்படவில்லை. போகிற அன்று புத்தகங்களை மட்டும் எடுத்துக்கொண்டார். உருளையில் குண்டு தொங்கிக்கொண்டிருந்தது, அவிழ்க்காமல் போய்விட்டார். மேசையைச் சுத்தம் செய்யச் சொன்னபோது நான் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். கொடுத்ததில்லை, எடுத்தது. இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டினப்பாக்கத்தில் மீன் வாங்கப் போனேன். ஒரு கடையில் அம்மாவுக்குப் பக்கத்தில் மேடம் உட்கார்ந்திருந்தார். வேறொரு கம்பெனியில் வேலையாம், லீவு நாளில் அம்மாவுக்குத் துணை. நான் தலையைக் குனிந்துகொண்டு நகரப் பார்த்தேன். "யாரு நைனா அது, மூஞ்ச மறைச்சிக்கினு போறது? வா, வஞ்சிரம் கீது" என்று அவர் அம்மா கூப்பிட்டார். "எங்க பட்டறை அண்ணன்மா" என்றார் மேடம். மீனைத் தானே எடுத்து நிறுத்தார். தராசுத் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அண்ணே, அன்னிக்குக் கம்பி லூசாவா இருந்துச்சு?" குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் மீனை வாங்கிக்கொண்டு, பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

பெரிய சார் ஓய்வு பெற்றபோது தி. நகரில் ஒரு மண்டபத்தில் சால்வை போர்த்தினார்கள். இந்த வருடம் என் மகளின் பள்ளியில் அறிவியல் கண்காட்சிக்கு அவர்தான் சிறப்பு விருந்தினர். எதையும் நீங்களே அளந்து பார்த்து நம்புங்கள் என்று பிள்ளைகளிடம் பேசினாராம். "சூப்பரா பேசுனாருப்பா" என்று மகள் வந்து சொன்னாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அது நடந்து பத்து நாளில்தான் அந்த ரப்பர்.

அன்று மாலை மகளைச் சமாதானம் செய்து, இரண்டு பேருமாக மறுபடி அளந்தோம். குட்டை நூலுக்கு மூன்று தடவை ஆட்டினோம். மூன்று தடவையும் அவள் அழித்த அதே எண்தான் வந்தது. "அப்ப புக்கு தப்பாப்பா?" என்றாள். புத்தகமும் தப்பில்லை. நூலைப் பார்த்தாள், குண்டைப் பார்த்தாள், ஸ்கேலை எடுத்தாள். அவள் முடிச்சு வரைக்கும்தான் நூலை அளந்திருந்தாள். முடிச்சுக்குக் கீழே இந்தக் குண்டு ஒரு விரல் நீளம் தொங்குகிறதே, அதன் நடுவரைக்கும் அளந்திருக்கவேண்டும். நீள நூலில் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை; குட்டை நூலில் மறைக்க முடியவில்லை. ஐந்தில் எது ஒட்டவில்லையோ அதுதான் நடந்த தவறைக் காட்டிக்கொடுத்தது. அவள் ஐந்து நீளங்களையும் திருத்தி, முன்பு அழித்த எண்ணையும் பக்கத்திலேயே திரும்பப் போட்டு, பேனாவால் எழுதினாள். "மார்க் போனா?" என்றாள். "போகட்டும்" என்றேன்.

இப்போது குண்டு என் முன்னால், இந்தத் தாள்கள் ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்க மேலே இருக்கிறது. எழுதி முடித்ததும் இதில் ஒரு பிரதியை நாளைக்குப் பட்டறை அலுவலகத்தில் கொடுக்கப்போகிறேன். இன்னொன்றைக் குண்டோடு சேர்த்துப் பட்டினப்பாக்கத்து மீன்கடையில். இத்தனை வருடம் தாமதமான பதிலை வாங்கிக்கொள்வதும் வீசி எறிவதும் மேடத்தின் இஷ்டம். பதில் இதுதான்: கம்பி தொய்ந்திருக்கவில்லை. கடைசி வரைக்கும் இறுக்கமாகத்தான் இருந்தது. அதைக் கட்டியவன் நான்.